குறட்டையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது? தலையணை முதல் தூக்கப் பரிசோதனை வரை

குறட்டைக்கு வழி தேடிப் புறப்பட்டால் ஒவ்வொருவரும் அவரவர் கையில் இருப்பதைத்தான் நீட்டுவார்கள். ஜிம்காரர் எடையைக் குறைக்கச் சொல்வார். பல் டாக்டர் வாயில் மாட்டும் கருவியைக் காட்டுவார். இன்னொரு இடத்தில் மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்பார்கள். இணையக் கடையில் மூக்கில் மாட்டும் காந்த வளையம் மலிவாகக் கிடைக்கும். காந்த வளையத்தைத் தவிர மற்றவற்றால் யாராவது ஒருவருக்குப் பலன் உண்டு. ஆனால் உங்களுக்கு எது, அதில் எதை முதலில் செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் என் மனைவியும் அப்படி அலைந்து, பணத்தையும் தூக்கத்தையும் செலவழித்த பிறகு கிடைத்த வரிசை இது. செலவில்லாதது முதலில், செலவு அதிகமானது கடைசியில். ஆபத்து அறிகுறி இருந்தால் மட்டும் இந்த வரிசையைத் தாண்டி நேரே டாக்டரிடம் போக வேண்டும். அது 2-வது படியில் வருகிறது, அதை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. காற்று போகும் வழி குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று வேகமாகப் போவதால் உள்நாக்கும் அதையொட்டிய மென்மையான மேலண்ணமும் அதிர்கின்றன. அந்தச் சத்தம்தான் குறட்டை. ஆக, வழியைக் குறுக்குவது எதுவோ, தசையை மேலும் தளர்த்துவது எதுவோ, அதுதான் காரணம். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைச் சரி செய்வதற்கானவை.

1. முதலில் பதிவு செய்யுங்கள்

குறட்டை விடுபவருக்குத் தன் குறட்டை கேட்காது. "நானா? சும்மா சொல்லாதே" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் செல்போனைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் இரவுச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். குறட்டையை மட்டும் பிரித்துக் காட்டும் செயலிகள் இருக்கின்றன, இலவசப் பதிப்பே போதும். செயலி வேண்டாம் என்றால், குறட்டை உச்சத்தில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஓரிரு நிமிட வீடியோ எடுத்தால் அது இன்னும் நல்லது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவது வீடியோவில் தெரிய வேண்டும். பின்னால் டாக்டர் கேட்கும் முதல் சாட்சி அதுதான்.

கூடவே ஒரு நோட்டில் நாலு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், மது உண்டா, மூக்கு அடைத்திருந்ததா, மல்லாந்து படுத்தீர்களா அல்லது ஒருக்களித்தா. ஒரு வாரம் முடிந்ததும் நோட்டைப் பார்த்தால் உங்கள் குறட்டைக்கென்று ஒரு நடைமுறை இருப்பது தெரியும். சிலருக்குச் சனிக்கிழமை இரவு மட்டும் வீடு அதிரும். சிலருக்குச் சளி பிடித்தால் மட்டும். சிலருக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி. இந்த மூன்று பேருக்கும் ஒரே மருந்து எப்படிச் சரிவரும்?

தனியாகத் தங்கியிருப்பவர்கள் செயலியை நம்பித்தான் ஆக வேண்டும். ஊருக்குப் போகும்போது அம்மாவிடமோ அண்ணனிடமோ ஒரு நாள் கவனிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. வெறும் குறட்டையா, மூச்சுத்தடையா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் முக்கியமான படி இது. "படுத்ததும் அசந்து தூங்குவார், குறட்டை கேட்டாலே தெரியும்" என்று பெருமையாகச் சொல்வதை நம் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். அந்த அசந்த தூக்கத்துக்குள் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதுதான் கேள்வி. தொண்டை முழுதாக மூடிக்கொண்டு, 10 விநாடிக்கு மேல் காற்றே போகாமல், பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால் அதைத் தூக்க மூச்சுத்தடை என்பார்கள், மருத்துவமனையில் ஸ்லீப் ஆப்னியா. சத்தம் நின்ற இடத்தில் வீட்டில் உள்ளவர்கள் நிம்மதி அடைவார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த மௌனத்தைத்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஸ்டாப்-பேங் என்ற கேள்விப் பட்டியல் இருக்கிறது. கனடாவின் டொரண்டோவில் மயக்க மருந்து நிபுணர்கள் 2008-ல் வெளியிட்டது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எட்டே கேள்விகள், ஒவ்வொரு ஆமாமுக்கும் ஒரு மதிப்பெண்:

மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்குச் சத்தமான குறட்டையா? பகலில் அடிக்கடி அசதியா, தூக்கம் வருகிறதா? தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ரத்த அழுத்தம் உண்டா, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற எண், கணக்கு 6-வது படியில்) 35-க்கு மேலா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா?

கழுத்தைத் தையல்காரர் டேப்பால் குரல்வளை மேட்டுக்கு நேராக அளக்க வேண்டும். சட்டைக் காலர் அளவை வைத்து ஊகிக்காதீர்கள். 0 முதல் 2 வரை என்றால் ஆபத்து குறைவு. 3, 4 என்றால் நடுத்தரம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் தலையணை, உப்புத் தண்ணீர் என்று மாதக்கணக்கில் முயன்றுகொண்டிருக்காமல் நேராக 8-வது படிக்குப் போங்கள்.

மதிப்பெண் என்னவாக இருந்தாலும் தாமதிக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. மூச்சு நிற்பதை யாராவது கண்ணால் பார்த்திருந்தால், வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால், காலையில் தினமும் தலைவலியோடு எழுந்தால், மூன்று மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கும்போது புதிதாகக் குறட்டை வந்தால் மகப்பேறு டாக்டரிடம் அடுத்த முறை போகும்போதே சொல்லுங்கள். குழந்தை தினமும் குறட்டை விட்டால் இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. பெரும்பாலும் டான்சிலோ மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ வீங்கியிருக்கும், குழந்தைகள் டாக்டரிடமோ இஎன்டி டாக்டரிடமோ காட்டுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பட்டியலில் 'ஆணா' என்ற கேள்வியில் உங்களுக்கு ஒரு மதிப்பெண் போய்விடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்தத் தொல்லை கூடுகிறது. குறட்டை என்று சொல்லத் தயங்கி, 'உடம்பு அசதி, தூக்கம் வரலை' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? சத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3. படுக்கும் விதத்தை மாற்றுங்கள்

மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. உங்கள் நோட்டில் மல்லாந்த இரவுகளில் மட்டும் குறட்டை கூடியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, பாதி வேலை செலவில்லாமலே முடிந்துவிடும். ஒருக்களித்துப் படுக்கத் தொடங்குவது சுலபம், விடியும்வரை அப்படியே இருப்பதுதான் கஷ்டம். பழைய பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து, அதில் டென்னிஸ் பந்தைப் போட்டு அணிந்துகொள்வது பலர் செய்யும் வழி. புரண்டால் பந்து உறுத்தும், தானாகத் திரும்பிவிடுவீர்கள். முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். அது பிடிக்காவிட்டால் முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணையை அணை போல வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு உயரம் கொடுத்தாலும் பலன் உண்டு. ஆனால் ரெண்டு தலையணையை அடுக்கிக்கொள்வது தப்பு. கழுத்து மடங்கி, தாடை நெஞ்சை நோக்கி இறங்கினால் வழி இன்னும் குறுகும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் நாலைந்து அங்குல மரக்கட்டை வைத்து மொத்தமாக உயர்த்துங்கள். பழைய மரக்கட்டில் என்றால் ஆட்டம் இல்லாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு இது இரட்டை லாபம்.

இரண்டு வாரம் போதும், பலன் உண்டா இல்லையா என்று பதிவிலேயே தெரிந்துவிடும்.

4. மூக்கைத் திறந்து வையுங்கள்

மூக்கு அடைத்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் தாடை பின்னால் போகும், குறட்டை கூடும். தூசி, கொசுவர்த்திப் புகை, படுக்கையறையில் ஏற்றும் ஊதுபத்தி, மாதக்கணக்கில் கழுவாத ஏசி ஃபில்டர் எல்லாம் ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கை அடைக்கும். கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டுங்கள். தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை சூடான தண்ணீரில் துவையுங்கள். ஏசி ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் கழுவப் பத்து நிமிடம்கூட ஆகாது, மெக்கானிக் தேவையில்லை.

படுக்கும் முன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம். மெடிக்கல் ஷாப்பில் கழுவும் பாட்டிலும் உப்புப் பொட்டலமும் சேர்த்து சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ அப்படியே ஊற்றாதீர்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அல்லது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மிக அரிதாக, சுத்தமில்லாத தண்ணீரில் உள்ள அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுத்துவிடும்.

இனி பலர் மாட்டிக்கொள்ளும் பொறி. மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்தில் ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று போட்டிருக்கும். போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும், சொர்க்கம் மாதிரி இருக்கும். தொடர்ந்து மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்து இல்லாமல் மூக்கே திறக்காது என்ற நிலை வந்துவிடும், அடைப்பும் முன்பைவிட மோசமாகும். ஆண்டுக்கணக்கில் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் உண்டு. நீங்கள் அந்த நிலையில் இருந்தால் இஎன்டி டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு வகை. அது மெதுவாக வேலை செய்யும், ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டே நாளில் "வேலை செய்யலை" என்று விட்டுவிடாதீர்கள்.

மூக்கின் மேல் ஒட்டும் பட்டை, மூக்கு குறுகலாக இருப்பவர்களுக்கு ஓரளவு உதவும். பத்துப் பட்டை வாங்கிப் பாருங்கள், பெட்டியாக வாங்க வேண்டாம். வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கும் வீடியோக்கள் இப்போது நிறைய ஓடுகின்றன. மூக்கு அடைத்திருப்பவரும் மூச்சுத்தடை இருப்பவரும் அதைச் செய்வது ஆபத்து. என்னைக் கேட்டால் யாருக்கும் அது தேவையில்லை.

5. இரவில் உள்ளே போவதைப் பாருங்கள்

மது தொண்டைத் தசையைத் தளர்த்துகிறது. சாதாரணமாகக் குறட்டையே விடாதவர்கூட இரண்டு பெக் போட்ட இரவில் விடுவார். ஏற்கெனவே விடுபவருக்கு மூச்சுத்தடை நீளும். முழுக்க விட முடிந்தால் நல்லது. முடியாதென்றால் படுப்பதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். 'தூக்கம் வரத்தான் கொஞ்சம் போடுகிறேன்' என்பவர்களுக்கு: தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் கலைந்து கலைந்து வரும்.

தூக்க மாத்திரையும் இதையே செய்யும். அல்பிரசோலம் போன்றவை, சளிக்குக் கொடுக்கும் மயக்கம் தரும் மாத்திரைகள், சில இருமல் டானிக்குகள் எல்லாம் இதில் சேரும். டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள், சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய், குறட்டை இருக்கிறது என்று சொல்லி, மாற்று உண்டா என்று கேளுங்கள்.

சிகரெட், பீடிப் புகை மூக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கிறது. விட்டவுடன் மறுநாளே குறட்டை நிற்காது, வீக்கம் வடியக் கொஞ்ச காலம் ஆகும்.

சாப்பாட்டு நேரம் எளிமையானது, ஆனால் நம்மால் முடியாதது. பத்தரை மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால் நிறைந்த வயிறு மேலே அழுத்தும், அமிலம் தொண்டைக்கு ஏறும். சாப்பிடுவதற்கும் படுப்பதற்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் வேண்டும். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்கள் பெரிய சாப்பாட்டை வேலையிடத்திலேயே முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மோரோ பழமோ எடுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். தூக்கத்தைப் பல நாள் குறைத்துவிட்டு ஒரே இரவில் ஈடுகட்டும் பழக்கமும் குறட்டையைக் கூட்டும். களைத்துப்போன உடம்பு ஆழ்ந்து தளரும்.

6. எடை

பிடிக்காத பேச்சுதான், ஆனால் நீண்ட காலப் பலன் இங்கேதான் அதிகம். கழுத்தைச் சுற்றியும் நாக்கிலும்கூடக் கொழுப்பு சேர்ந்து வழியைக் குறுக்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஆய்வின் முடிவு 2000-ல் வெளியானது. எடை 10 சதவீதம் ஏறியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கை சுமார் 32 சதவீதம் கூடியது, 10 சதவீதம் இறங்கியவர்களுக்கு 26 சதவீதம் குறைந்தது. 80 கிலோ இருப்பவருக்கு 10 சதவீதம் என்றால் 8 கிலோ. ஒரே மாதத்தில் இதைச் செய்கிறேன் என்று இறங்காமல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே எடை கூடுதல், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று நம் டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்த எண். 170 சென்டிமீட்டர் உயரம், 80 கிலோ என்றால் 27.7. பார்க்க ஒல்லியாகத் தெரிந்தும் தொப்பையும் தடித்த கழுத்தும் உள்ளவர்கள் நம்மில் அதிகம், அதனால் டேப்பை நம்புங்கள், கண்ணாடியை நம்பாதீர்கள்.

சாப்பாட்டைக் குறைத்தும் எடை இறங்காவிட்டால், கூடவே அசதியும் குளிர் தாங்காமையும் இருந்தால், தைராய்டு பார்க்க ஒரு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சில நூறு ரூபாய்தான். தைராய்டு குறைந்தாலும் குறட்டை கூடும். எடைக்கான ஊசி மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் ஜிம்மிலோ தெரிந்தவர் மூலமோ வாங்க வேண்டவே வேண்டாம்.

7. தொண்டைக்கும் நாக்குக்கும் பயிற்சி

கேட்டதும் சிரிப்பு வரும், ஆனால் செலவில்லை. பிரேசிலில் செய்த ஒரு சோதனையில் மூன்று மாதம் பயிற்சி செய்தவர்களுக்குக் குறட்டையின் எண்ணிக்கை 36 சதவீதமும் சத்தத்தின் வலு 59 சதவீதமும் குறைந்ததாக 2015-ல் வெளியிட்டார்கள். நாக்கு நுனியை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னால் இழுங்கள். பிறகு முழு நாக்கையும் மேலண்ணத்தில் ஒட்ட உறிஞ்சுங்கள். அப்புறம் நுனி கீழ்ப்பற்களைத் தொட்டிருக்க, நாக்கின் பின்பகுதியைக் கீழே அழுத்துங்கள். கடைசியாக 'ஆ' என்று சொல்லி உள்நாக்கை மேலே தூக்குங்கள். ஒவ்வொன்றும் 20 முறை, தினம் மூன்று வேளை. குளியலறைக் கண்ணாடி முன்னால் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சாதாரணக் குறட்டைக்கும் லேசான மூச்சுத்தடைக்கும்தான் இது. விட்டுவிட்டால் பலனும் போய்விடும்.

8. டாக்டரிடம் போகும்போது

மேலே சொன்னதையெல்லாம் இரண்டு, மூன்று மாதம் செய்தும் சத்தம் அப்படியே இருந்தால், அல்லது 2-வது படியில் மதிப்பெண் அதிகமாக இருந்தால், டாக்டரைப் பாருங்கள். மூக்கடைப்பு முக்கியப் பிரச்சினை என்றால் இஎன்டி. பகல் தூக்கமும் மூச்சு நிற்பதும் என்றால் நெஞ்சக நோய் நிபுணர், அவர்களில் தூக்கப் பிரச்சினைகளைப் பார்ப்பவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டு பிரிவும் உண்டு. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கப் பரிசோதனை அங்கே நடக்கிறதா, எத்தனை நாள் காத்திருப்பு என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், பழைய ரத்தப் பரிசோதனை மற்றும் இசிஜி தாள்கள், மாத்திரைகளின் போட்டோ, குறட்டை வீடியோ, ஒரு வார நோட்டு, ஸ்டாப்-பேங் மதிப்பெண். எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கத்தில் படுப்பவரைக் கையோடு அழைத்துப் போவது. மூச்சு எத்தனை நேரம் நின்றது என்ற கேள்விக்கு நோயாளியிடம் பதில் கிடையாது. கணவரின் குறட்டையைப் பற்றி மனைவி பேச ஆரம்பித்தால் டாக்டர் எழுதுவதை நிறுத்த மாட்டார்.

முதல் சந்திப்பிலேயே உள்நாக்கு அறுவை, லேசர், மூக்குத் தண்டு ஆபரேஷன் என்று தேதி கொடுத்தால் அவசரப்பட வேண்டாம். "தூக்கப் பரிசோதனை செய்துவிட்டு முடிவு செய்யலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மூக்குத் தண்டைச் சரி செய்தால் மூச்சு விட வசதியாக இருக்கும், ஆனால் தொண்டையில் உள்ள தடை அதனால் மட்டும் போய்விடாது.

9. தூக்கப் பரிசோதனை

இரண்டு வகை. மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி, தலையிலும் முகத்திலும் நெஞ்சிலும் ஒயர்கள் ஒட்டி, மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் பார்ப்பது ஒன்று. சிறிய கருவியை வீட்டுக்குக் கொடுத்து மூச்சையும் ஆக்சிஜனையும் மட்டும் பார்ப்பது இன்னொன்று. தனியார் இடங்களில் வீட்டுப் பரிசோதனை ஏறக்குறைய 5,000 முதல் 10,000 ரூபாய், மருத்துவமனையில் தங்கிச் செய்வது 10,000 முதல் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு விசாரியுங்கள். அறை வாடகை, டாக்டர் கட்டணம், ரிப்போர்ட் கட்டணம் அந்தத் தொகைக்குள்ளா வெளியேயா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வீட்டுக் கருவி நீங்கள் விழித்திருந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும், அதனால் பிரச்சினையைக் குறைத்துக் காட்டலாம். அறிகுறி பலமாக இருந்தும் வீட்டு ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தால் மருத்துவமனைப் பரிசோதனைதான் அடுத்தது. அங்கே ஒரே இரவில் முதல் பாதி பரிசோதனை, தடை கடுமையாக இருந்தால் பின்பாதியில் காற்றழுத்தக் கருவி (10-வது படியில் வருகிறது) மாட்டி எவ்வளவு அழுத்தம் தேவை என்று பார்ப்பது என்று செய்யும் வழியும் உண்டு. அப்படிச் செய்வார்களா என்று முன்பே கேட்டால் இரண்டாவது இரவின் செலவு மிஞ்சலாம்.

பரிசோதனை நாளன்று தலைக்கு ஷாம்பு போட்டுக் குளியுங்கள், எண்ணெய் தேய்க்காதீர்கள். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாது. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்டாது. மதியத் தூக்கமும் மதியத்துக்குப் பின் காபி, டீயும் வேண்டாம். உங்கள் தலையணை, லுங்கி, வழக்கமான மாத்திரைகளை எடுத்துப் போங்கள். இத்தனை ஒயரோடு யாருக்குத் தூக்கம் வரும் என்று தோன்றும். வரும், தேவையான அளவு வரும்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஏஎச்ஐ என்ற எண். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்று அது சொல்லும். 5-க்குக் கீழே என்றால் வெறும் குறட்டை. 5 முதல் 15 லேசானது, 15 முதல் 30 நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. ஆக்சிஜன் எவ்வளவு கீழே இறங்கியது, மல்லாந்தபோது எத்தனை, ஒருக்களித்தபோது எத்தனை என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

காப்பீடு விஷயத்தில் கவனம். "ஒரு நாள் அட்மிஷன்தானே, இன்சூரன்ஸில் வந்துவிடும்" என்று வரவேற்பறையில் சுலபமாகச் சொல்வார்கள். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதற்குப் பணம் தர மாட்டோம் என்று பெரும்பாலான பாலிசிகளிலேயே எழுதியிருக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு போங்கள். மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்கள் தங்கள் சுகாதாரத் திட்டத்தில் முன் அனுமதி வாங்கினால் கருவிக்குக்கூட வழி உண்டு, வாங்கிவிட்டுப் பிறகு கேட்டால் இழுத்தடிக்கும். மூச்சுத்தடை என்று உறுதியான பிறகு புதிய பாலிசி எடுத்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், ஆனால் மறைத்தது தெரிந்தால் வேறு க்ளெய்முக்கே சிக்கல் வரும்.

10. கருவி தேவைப்பட்டால்

லேசான மூச்சுத்தடைக்கும் வெறும் குறட்டைக்கும் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கருவி உதவும். பல் டாக்டர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். இணையத்தில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் வகை தாடை மூட்டில் வலி தரலாம். நடுத்தரம், கடுமை என்றால் சி-பாப். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியாக மெல்லிய காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும். மாட்டிய முதல் இரவே குறட்டை நின்றுவிடும் என்பது பலர் அனுபவம். பழகுவதற்குத்தான் சில வாரம் ஆகும்.

அழுத்தத்தைத் தானே சரி செய்துகொள்ளும் வகைக்கு ஏறக்குறைய 40,000 முதல் 80,000 ரூபாய் ஆகும், நிலையான அழுத்த வகை அதைவிடக் குறைவு. முகமூடி தனி, சில ஆயிரம். முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுங்கள். மூக்கில் மட்டும் பொருந்துவது, மூக்கும் வாயும் சேர்த்து மூடுவது என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். பலர் கருவியை ஒதுக்கி வைப்பது முகமூடி பொருந்தாததால்தான். தாடி, அடர்ந்த மீசை இருந்தால் காற்று கசியும். படுத்த நிலையில், உங்களுக்குத் தேவையான காற்றழுத்தத்தில் கருவியை ஓட விட்டு முகமூடியைப் பொருத்தச் சொல்லுங்கள், நாற்காலியில் உட்கார வைத்துப் பொருத்தினால் ஏற்காதீர்கள். வாங்கும்போது கருவியின் வரிசை எண் போட்ட ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை, டாக்டர் சீட்டு, ஏஎச்ஐ ரிப்போர்ட் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

பழைய கருவியை மலிவாக வாங்குவதில் ஒரு பெரிய பொறி. பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் ஒலி தடுக்கும் நுரை சிதையக்கூடும் என்று 2021 ஜூனில் தன் பல சி-பாப் கருவிகளைத் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்துக் கருவி யாராவது கொடுத்தால் வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். கருவியில் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். முகமூடியைத் தினமும் துடைத்து, குழாயை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். மின்வெட்டு அடிக்கடி உள்ள ஊர் என்றால் இன்வெர்ட்டரில் படுக்கையறை பிளக் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரப்பதச் சூடாக்கியை அணைத்தால் பேட்டரி அதிக நேரம் தாங்கும்.

பல் பிடுங்குவது முதல் மூட்டு அறுவை வரை எதற்காவது மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் ரிப்போர்ட் வைத்த அந்தக் கோப்பினை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். அட்மிட் ஆகும்போது கருவியையும் முகமூடியையும் பையில் எடுத்துப் போங்கள், அங்கே உங்கள் அளவில் இருக்காது.